பிரிண்ட் கொடுத்தால் ஆடி அசைந்து வருகிறதா? ரிமோட் டெஸ்க்டாப் சர்வருக்கு எந்த வழி பொருந்தும்

"பிரிண்ட் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று வரும் புகாருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கும். ஒருவருக்குப் பிரிண்ட் பெட்டி திறக்கவே கால் நிமிடம் ஆகிறது. இன்னொருவருக்குப் பெட்டி உடனே திறக்கிறது, ஆனால் முதல் தாள் வெளிவர இரண்டு நிமிடம். மூன்றாமவருக்கு முதல் மூன்று பக்கம் மளமளவென்று வந்துவிட்டு, நாலாவது பக்கத்தில் பிரிண்டர் மூச்சு வாங்கி நிற்கிறது. மூவரும் சொல்வது ஒரே சொல்தான், மருந்து மட்டும் வேறுவேறு.

இருபது முப்பது பேர் ஒரே விண்டோஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் (சர்வரின் திரையைத் தன் கணினியில் திறந்து வேலை செய்யும் முறை) வழியாக வேலை செய்யும் இடத்தில் பிரிண்டரைச் சேர்க்க நான்கைந்து வழிகள் உண்டு. எது வேகமானது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. பிரிண்டர் எங்கே, சர்வர் எங்கே, நடுவில் உள்ள இணைப்பு எவ்வளவு, அச்சாகப் போவது என்ன என்ற நான்கும் தெரிந்தால் பெரும்பாலும் ஒரு வழிதான் மிஞ்சும். என் சார்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: புதிதாக ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன், இருக்கிற வழிகளில் தவறானதில் போய்க்கொண்டிருக்கிறோமா என்று பார்க்கும் கட்சி நான்.

எந்தக் கட்டத்தில் சிக்குகிறது?

அச்சு வேலை ஒவ்வொன்றும் மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும். சர்வரில் அது உருவாக வேண்டும், இணைப்பு வழியே பிரிண்டர் பக்கம் போய்ச் சேர வேண்டும், அங்கே தாளில் இறங்க வேண்டும். எது தாமதம் என்று பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

புகார் சொன்னவரின் செஷனிலேயே (சர்வரில் அவருக்காகத் திறந்திருக்கும் வேலைத்திரை), அவர் சொன்ன அதே கோப்பை 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' பிரிண்டருக்குக் கொடுங்கள். சர்வர் 2016 முதல் இது விண்டோஸோடு வருகிறது. அதற்கே நேரம் பிடித்தால் பிரிண்டரும் இணைப்பும் நிரபராதிகள். பயன்பாட்டு மென்பொருளையோ சர்வரின் சுமையையோதான் பார்க்க வேண்டும். பிடிஎஃப் சட்டென்று உருவாகிவிட்டால், அதை அவருடைய சொந்தக் கணினிக்கு நகலெடுத்து அங்கிருந்து அச்சிடச் சொல்லுங்கள். நகலெடுக்கவே நேரமானால் இணைப்புதான் காரணம். நகல் வேகமாக வந்து அச்சு இழுத்தால் பிரிண்டரோ, அதை இயக்கும் மென்பொருளான உள்ளூர் டிரைவரோ காரணம். எல்லாமே வேகம், சர்வரிலிருந்து நேராகக் கொடுத்தால் மட்டும் தாமதம் என்றால், பிரிண்டரைச் சர்வரோடு சேர்த்திருக்கும் விதத்தில்தான் கோளாறு. வழியை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டியது அப்போதுதான்.

இன்னொன்றும் செய்து வையுங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் பிரிண்ட் சர்வீஸுக்கென்று ஒரு 'ஆபரேஷனல்' பதிவேடு இருக்கிறது. இயல்பாக அது அணைந்திருக்கும். இயக்கிவிட்டால், அச்சாகி முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் 307 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும்: யார் கொடுத்தார், எந்தப் பிரிண்டர், எத்தனை பக்கம், எத்தனை பைட். இரண்டு பக்கக் கடிதம் 40 எம்பி என்று அதில் தெரிந்தால், அதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

பெட்டி திறக்கவே தாமதம் என்பது தனி நோய். வேர்டும் எக்செலும் பக்க அமைப்பைக் கணக்கிட, இயல்பு (டீஃபால்ட்) பிரிண்டரிடம் விவரம் கேட்கும். அந்தப் பிரிண்டர் அணைந்து கிடந்தாலோ மெதுவான இணைப்புக்கு அப்பால் இருந்தாலோ, மென்பொருளே உறைந்துபோன மாதிரி தோன்றும். பிடிஎஃப் பிரிண்டரை இயல்பாக மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள்; சிட்டாகத் திறந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். பல வருடம் ஓடிய சர்வர்களில் இன்னொரு காரணமும் உண்டு. வந்துபோன பயனர்களின் பிரிண்டர்களுக்காக உருவான ரிடைரக்ஷன் போர்ட்கள் (அச்சு போகும் வாசல்கள்) செயலற்ற நிலையில், விண்டோஸின் அமைப்புக் கிடங்கான ரெஜிஸ்ட்ரியில் நூற்றுக்கணக்கில் தங்கிவிடும். லாகின் நேரம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகிறது என்றால் இந்தக் குப்பையைச் சந்தேகப்படலாம்.

ஈஸி பிரிண்ட்: இயல்பாகவே இருக்கும் வழி

பயனரின் கணினியில் உள்ள பிரிண்டர்கள் அவருடைய செஷனுக்குள்ளும் தெரிவதுதான் ரிடைரக்ஷன். 2008 சர்வர் பதிப்போடு வந்த ஈஸி பிரிண்ட், இதற்குச் சர்வரில் டிரைவரே தேவையில்லை என்றாக்கியது. சர்வர் ஆவணத்தை எக்ஸ்பிஎஸ் வடிவத்தில் (பிடிஎஃப் போன்ற ஒரு மைக்ரோசாஃப்ட் வடிவம்) செய்து ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புக்குள்ளேயே அனுப்பும். பயனரின் கணினி அதை வாங்கி, தன்னிடமுள்ள டிரைவரைக் கொண்டு பிரிண்டரின் மொழிக்கு மாற்றும்.

இதன் பலம் பலருக்குத் தெரிவதில்லை. எக்ஸ்பிஎஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. எழுத்து எழுத்தாகவே, கோடு கோடாகவே போகிறது. ஆகவே சாதாரணக் கடிதம், அறிக்கை, பட்டியல் போன்றவற்றுக்கு இணைப்பில் ஓடும் தரவு மிகக் குறைவு. புள்ளிகளாக விரிக்கும் வேலை பயனரின் மேசையிலேயே நடக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு, யு.எஸ்.பி. கம்பியில் மாட்டிய பிரிண்டருக்கு, இதைவிட எளிய வழி இல்லை.

பலவீனங்களும் உண்டு. திரைக்காட்சி போகும் அதே குழாயில்தான் அச்சும் போகிறது. சர்வர் 2008 காலத்து மைக்ரோசாஃப்ட் ஆவணங்களில் இதன் பங்கீடு 70:30 என்று இருக்கும்: இணைப்பு நெருக்கடியில் இருக்கும்போது திரைக்கும் விசைப்பலகைக்கும் 70, அச்சு, கிளிப்போர்ட், கோப்பு நகல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30. பயனரின் கை நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது, நியாயமானதுதான். ஆனால் ஒருவர் ஒரு செஷனில் வீடியோ ஓடவிட்டுக்கொண்டே ஐம்பது பக்கம் பிரிண்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரிகிறது. அப்புறம், வீட்டிலிருப்பவர் தன் டவுன்லோட் வேகத்தைப் பெருமையாகச் சொல்வார். சர்வர் அலுவலக அறையில் இருந்தால் கணக்கில் வருவது அலுவலகத்தின் அப்லோட் வேகம், அதுவும் அத்தனை பேருக்கும் பொதுவானது.

ஸ்கேன் செய்த பக்கங்கள், ஒளிபுகும் நிழல்கள் அடுக்கிய வண்ண விளக்கப்படங்கள் என்று வந்தால் எக்ஸ்பிஎஸ் வீங்கிவிடும். பிடிஎஃப் படிப்பானில் 'படமாக அச்சிடு' என்ற தெரிவை யாராவது எப்போதோ போட்டுவிட்டு மறந்திருந்தாலும் இதே கதைதான்.

இந்த வழியில் இருப்பவர்கள் வேறு எதையும் தொடும் முன் ஒரு குழுக் கொள்கையை (குரூப் பாலிசி) இயக்க வேண்டும்: பயனரின் இயல்பு பிரிண்டரை மட்டும் ரிடைரக்ட் செய். அது இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் லாகின் ஆகும்போது தன் இயல்பு பிரிண்டரோடு ஃபேக்ஸ், ஒன்நோட், இரண்டு பிடிஎஃப், பழைய வீட்டுப் பிரிண்டர் என்று ஆறு பேரைக் கூட்டி வருவார். முப்பது பேருக்கு 180 அச்சு வரிசைகள். அத்தனையையும், அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஒரே ஸ்பூலர் தாங்குகிறது. பகிர்ந்த சர்வரின் குணமே இதுதான்: ஒருவர் கணினியில் தொந்தரவு தராத விஷயம் இங்கே முப்பதால் பெருகிவிடும்.

சர்வரிலேயே அசல் டிரைவர்

2008-க்கு முன்னால் ரிடைரக்ஷன் என்றால் இதுதான். பயனரிடமுள்ள அதே பிரிண்டர் டிரைவர் சர்வரிலும் இருக்க வேண்டும், பெயரும் பொருந்த வேண்டும். பக்கம் சர்வரிலேயே பிரிண்டர் மொழிக்கு மாறி, முழுசாக விரிந்த நிலையில் இணைப்பில் இறங்கும். பொது வழியாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பத்து நிறுவனங்களின் டிரைவர்கள் ஒரே ஸ்பூலரில் உட்கார்ந்தால், ஒன்று விழும்போது எல்லோருடைய அச்சும் விழும். 2008 ஆர்2-இல் வந்த டிரைவர் தனிமைப்படுத்தல் இதைக் கொஞ்சம் தணித்தது. 2021-இல் பிரிண்ட்நைட்மேர் பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு டிரைவர் நிறுவுவது நிர்வாகிகளுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதுவும் நல்லதற்குத்தான்.

ஆனால் இரண்டு வகைப் பிரிண்டர்களுக்கு இதுவே சரியான வழி: டாட் மேட்ரிக்ஸும் லேபிள் பிரிண்டரும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குள்ளேயே எழுத்துருக்கள் இருக்கின்றன. எழுத்தை எழுத்தாக அனுப்பினால் ஊசித்தலை கடகடவென்று வரியை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். அதே பில்லை ஈஸி பிரிண்ட் வழியாக அனுப்பினால் பக்கம் முழுவதும் படமாகிவிடும். தலை ஒவ்வொரு வரிக்கும் பலமுறை போய்வந்து புள்ளி புள்ளியாக வரையும். அரை நிமிடத்தில் கிழித்துக் கொடுக்க வேண்டிய பில்லுக்கு வரிசையில் நிற்பவர் கடிகாரம் பார்ப்பார். இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் இது தீராது, ஏனென்றால் தாமதம் ஊசித்தலையில் இருக்கிறது. அசல் டிரைவரில் உள்ளமைந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், அல்லது விண்டோஸின் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரைப் போடுங்கள். தமிழில் பில் அடிப்பவர்களுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி கைகொடுக்காது. பெரும்பாலான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. எப்படியும் படமாகத்தான் போயாக வேண்டும். அவர்கள் அச்சுத் தரத்தை 'டிராஃப்ட்' நிலைக்கு இறக்கினால் கொஞ்சம் நேரம் மிஞ்சும்.

லேபிள் பிரிண்டருக்கும் இதே நியாயம். ஜீப்ரா பிரிண்டர்களின் இசட்பிஎல் மொழியில் ஒரு பார்கோடு என்பது சில வரிக் கட்டளை. பிரிண்டரே அதை வரைந்துகொள்ளும். படமாக மாற்றி அனுப்பினால் நேரம் போவதோடு, நடுவில் அளவு மாறிக் கோடுகள் மங்கி ஸ்கேனர் படிக்க மறுப்பதும் உண்டு.

இரண்டு வழிகளையும் ஒன்றாக ஓட்டலாம். 'ஈஸி பிரிண்ட் டிரைவரை முதலில் பயன்படுத்து' என்ற குழுக் கொள்கையை முடக்கிவிட்டால், சர்வர் முதலில் பொருந்தும் அசல் டிரைவரைத் தேடும், கிடைக்காவிட்டால் ஈஸி பிரிண்டுக்குப் போகும். ஆகவே லேபிள், டாட் மேட்ரிக்ஸ் டிரைவர்களை மட்டும் சர்வரில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் துடைத்துவிட்டால், ஒவ்வொரு பிரிண்டரும் தனக்கான பாதையில் தானே போய்விடும்.

சர்வரிலிருந்து நேராகப் பிரிண்டரின் ஐபிக்கு

சர்வரும் பிரிண்டரும் ஒரே கட்டடத்து நெட்வொர்க்கில் இருக்கின்றன. அப்படியும் பயனரின் கணினி வழியாகச் சுற்றி ரிடைரக்ஷனில் அச்சாகிக்கொண்டிருக்கும் இடங்கள் ஏராளம். மூக்கைத் தொடக் கையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவருகிற வேலை. அங்கே ரிடைரக்ஷனை அணைத்துவிட்டு, சர்வரில் ஒரே டிரைவரோடு ஒரு வரிசை வைத்து நேராக அனுப்புங்கள். பெரும்பாலும் அன்றைக்கே புகார் நின்றுவிடும். பயனர் லாகின் ஆகும்போது புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை, செஷன் துண்டித்தாலும் வேலை நிற்காது.

இதில் கவனிக்க வேண்டிய அமைப்புகள் சில. பிரிண்டரைச் சேர்க்கும்போது விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துப் போடும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை நம்ப வேண்டாம். நிலையான ஐபி முகவரி கொடுத்து, ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டில் 9100 எண்ணில் ரா முறையில் (தரவை அப்படியே அனுப்புவது) வையுங்கள். அந்த போர்ட்டில் எஸ்என்எம்பி என்ற நெட்வொர்க் முறையில் பிரிண்டரின் நிலையைக் கேட்கும் தெரிவு இயங்கிக்கொண்டிருக்கும். பிரிண்டர் பதில் தராவிட்டால் நன்றாக இருக்கும் பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டி வேலை தேங்கும். சந்தேகம் வந்தால் அதை அணைத்துப் பாருங்கள். வரிசைகளைக் குழுக் கொள்கை வழியே பயனர்களுக்குத் தருபவர்கள் 'ரீபிளேஸ்' என்று வைத்திருந்தால் 'அப்டேட்' என்று மாற்ற வேண்டும். முன்னது ஒவ்வொரு முறையும் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்கும், லாகின் அதற்காகக் காத்திருக்கும்.

எல்லோரும் சறுக்குவது அடுத்த இடத்தில். சர்வர் தொலைதூர டேட்டா சென்டருக்குப் போய்விட்டது, அலுவலகத்துக்கும் அதற்கும் விபிஎன் (இணையத்தின் வழியே ஒரு தனிப் பாதை) போட்டாயிற்று, ஆகவே 'நேர் வழிதான் வேகம்' என்று அதே முறையைத் தொடர்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஒரு ஏ4 பக்கம் என்பது 4960-க்கு 7016, அதாவது ஏறத்தாழ 3.5 கோடி புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வண்ணம் என்றால், சுருக்குவதற்கு முன் 100 எம்பிக்கு மேல். கறுப்பு வெள்ளையில் புள்ளிக்கு ஒரு பிட் என்றாலும் 4 எம்பிக்கு மேல். வினாடிக்கு 10 மெகாபிட் ஓடும் விபிஎன்னில் 1.25 எம்பிதான் நகரும். அந்த வண்ணப் பக்கம் அப்படியே போனால் 80 நொடி தாண்டிவிடும். டிரைவர்கள் சுருக்கித்தான் அனுப்புகின்றன, நிஜத்தில் இவ்வளவு ஆகாது. ஆனாலும் சர்வரில் விரித்து அனுப்புவதற்கும் எக்ஸ்பிஎஸ்ஸாக அனுப்பிப் பயனர் பக்கம் விரிப்பதற்கும் உள்ள இடைவெளி இதுதான். இணைப்பு ஒடுங்க ஒடுங்க, சுற்றுவழியாகத் தெரிந்த ஈஸி பிரிண்ட் நேர்வழியை முந்திவிடும்.

மலிவான பிரிண்டர்களில் இது இன்னும் மோசம். சில பிரிண்டர்களுக்குப் பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற அச்சு மொழி எதுவும் தெரியாது. முழுப் பக்கத்தையும் கணினியே புள்ளிகளாகச் செய்து ஊட்ட வேண்டும். ஒற்றைக் கணினிக்கு யு.எஸ்.பி.யில் மாட்டிக்கொண்டால் தொந்தரவில்லை. பகிர்ந்த சர்வருக்கு அது பொருந்தாத பிரிண்டர், வாங்கும்போதே விலக்கிவிட வேண்டும்.

கிளையில் ஒரு பிரிண்ட் சர்வர்

சர்வர் தொலைவில், கிளை அலுவலகத்தில் பத்துப் பேர், நான்கு பிரிண்டர் என்றால் கிளையிலேயே சிறிய பிரிண்ட் சர்வர் வைப்பது உண்டு. இதன் வெற்றியும் தோல்வியும் ஒரு டிக் குறியில் இருக்கிறது: பகிர்வுத் தாவலில் உள்ள 'கிளையன்ட் கணினிகளில் ரெண்டர் செய்'. இங்கே கிளையன்ட் என்பது உங்கள் ரிமோட் டெஸ்க்டாப் சர்வர். குறி இருந்தால் பக்கத்தை அது விரித்து, பெரிய தரவாக விபிஎன்னில் அனுப்பும். குறியை எடுத்தால் விரிக்காத வடிவில் அனுப்பி, கிளைச் சர்வர் விரித்துக்கொள்ளும். பராமரிக்க இன்னொரு இயந்திரம் சேர்கிறது என்பதால், நான்கைந்து பேர் உள்ள கிளைக்கு இது அதிகப்படி.

கட்டண மென்பொருளும் மேகமும்

தின்பிரிண்ட், டிஎஸ்பிரிண்ட் போன்றவை ரிடைரக்ஷனையே இன்னும் இறுக்கமாகச் சுருக்கி, தங்கள் சொந்தப் பொது டிரைவர் வழியே அனுப்புகின்றன. பல கிளைகள், மெல்லிய இணைப்பு, எக்ஸ்பிஎஸ்ஸோடு ஒத்துப்போகாத மென்பொருள் என்று மூன்றும் சேர்ந்த இடத்தில் காசுக்குத் தகுதியானவை. உரிமக் கட்டணத்தோடு, ஒவ்வொரு பயனரின் கணினியிலும் ஒரு மென்பொருளை நிறுவிப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வேலையும் கூடவே வரும். இலவசச் சோதனைக் காலத்தில் உங்கள் மிக மோசமான ஆவணத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஒருபக்கக் கடிதத்தில் எல்லாமே வேகமாகத்தான் தெரியும்.

மைக்ரோசாஃப்டின் யுனிவர்சல் பிரிண்ட் 2021 மார்ச்சில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. டிரைவர் தலைவலியை ஒழிப்பதுதான் அதன் நோக்கம். வேகத்துக்காக அதைத் தேர்வது சரியான காரணம் அல்ல, ஏனெனில் வேலை இணையத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. உங்கள் சர்வர் பதிப்பு ஆதரிக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இருந்தாலும் காற்று அந்தத் திசையில்தான். வெளி நிறுவன டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. இனி ஐபிபி (நிறுவனத்துக்கென்று தனி டிரைவர் இல்லாமலே அச்சிட உதவும் பொது நெறிமுறை) முறையில் பேசும் பிரிண்டர்களுக்குத்தான் முன்னுரிமை. அடுத்த பிரிண்டர் வாங்கும்போது ஐபிபி ஆதரவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

காசில்லாத ஒரு தற்காலிக வழியும் உண்டு. சர்வரில் பிடிஎஃப்ஆகச் சேமித்து, ரிடைரக்ட் ஆன டிரைவ் வழியே சொந்தக் கணினிக்கு எடுத்து, அங்கிருந்து அச்சிடுவது. சில கட்டண மென்பொருள்கள் உள்ளுக்குள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். மாதத்துக்கு இரண்டு முறை அச்சிடுபவருக்கு இதுவே போதும்.

கலந்து வைக்கும்போது

பெரும்பாலான அலுவலகங்கள் கலவையாகத்தான் இருக்கும்: பதினைந்து பேர் சர்வர் இருக்கும் கட்டடத்தில், ஆறேழு பேர் வீட்டில், ஒரு மூலையில் ஒரு லேபிள் பிரிண்டர். கட்டடத்தில் இருப்பவர்களுக்கு நேர் வரிசை, வீட்டில் இருப்பவர்களுக்கு இயல்பு பிரிண்டர் மட்டும் ஈஸி பிரிண்டில், லேபிளுக்கு அசல் டிரைவர் என்று நான் பிரிப்பேன். அப்படிப் பிரித்த பிறகு, கட்டடத்தில் இருப்பவர்களின் இணைப்புக் கோப்பில் பிரிண்டர் பகிர்வு டிக்கை எடுத்துவிட மறக்காதீர்கள். எடுக்காவிட்டால் ஒரே பிரிண்டர் பட்டியலில் இருமுறை தெரியும், ஒன்று சொந்தப் பெயரில், இன்னொன்று 'ரிடைரக்டட் 7' என்ற வாலோடு. அதோடு பயனரின் இயல்பு பிரிண்டரைச் செஷனின் இயல்பு பிரிண்டராக்காதே என்ற கொள்கையும் அவர்களுக்கு இயங்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் விட்டால், பயனர் பழக்கத்தில் வால் உள்ளதையே தேர்ந்தெடுத்துவிட்டு, "மாத்தியும் ஸ்லோவாத்தான் இருக்கு" என்று மறுநாள் காலையில் மறுபடியும் கூப்பிடுவார்.